அப்பா, ஆசிரியர், ஒரே மெட்டு: பிங்க் ஃபிளாய்டின் 'தி வால்' இரட்டை இசைத்தட்டு

நான் கணித ஆசிரியை. 22 ஆண்டுகளாகக் கரும்பலகைக்கு முன்னால் நின்று வருகிறேன். ஆசிரியர்களுக்கு எதிராக உலகமெங்கும் பிள்ளைகள் பாடித் தீர்த்த பாட்டு ஒன்று உண்டு. அது இருக்கும் ஆல்பத்தை என் சம்பளத்தில் வாங்கி, இரண்டு மாதங்களாக இரவுகளில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முதல் இரவு என் மகன் அறை வாசலில் வந்து நின்றான். "அம்மா, நீங்களே டீச்சர்தானே? இந்தப் பாட்டு உங்களுக்கு எப்படிப் பிடிக்கிறது?" என்றான். "நான்கு பக்கமும் கேட்டு முடித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று அனுப்பிவைத்தேன். அவனுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வாங்கிய பொருளைப் பற்றி. பிங்க் ஃபிளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 'தி வால்' 1979 நவம்பர் 30 அன்று பிரிட்டனில் வெளியானது. இரண்டு தட்டுகள், நான்கு பக்கங்கள், 26 பாடல்கள், ஏறத்தாழ 81 நிமிடம். என்னிடம் இருப்பது 2016இல் வந்த மறுபதிப்பு. தட்டு ஒவ்வொன்றும் 180 கிராம். கையில் எடுத்தாலே கனம் தெரிகிறது. 1979இல் ஒலிப்பதிவில் இருந்த ஜேம்ஸ் கத்ரி, ஜோயல் பிளான்ட், பெர்னி கிரண்ட்மன் ஆகியோருடன் சேர்ந்து இதன் ஒலியைச் செம்மைப்படுத்தியிருக்கிறார். அதன் பலன் சத்தத்தில் தெரிவதைவிட மௌனத்தில் அதிகமாகத் தெரிகிறது. இந்த ஆல்பத்தில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே தொலைபேசி மணி, தொலைக்காட்சியில் யாரோ பேசும் குரல், குழந்தையின் அழுகை, விளையாட்டு மைதானத்தின் இரைச்சல் என்று எத்தனையோ சிற்றொலிகள் உண்டு. அவை மங்கலாகவும் இல்லாமல் துருத்திக்கொண்டும் இல்லாமல், பக்கத்து வீட்டில் நடப்பதைப் போலக் கேட்கின்றன. ஊசியிலும் தட்டிலும் தூசி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இது மெல்லப் பேசும் இடங்கள் நிறைந்த ஆல்பம். ஒரு பொட்டுத் தூசி போதும், ஒரு வாக்கியம் போய்விடும்.

அட்டையில் வெள்ளைச் செங்கல் சுவர் மட்டும்தான். 1979இல் பெயரைக்கூட அட்டையில் அச்சிடாமல், மேலே ஒட்டும் கண்ணாடித்தாளில் அச்சிட்டார்கள். விரித்துப் பார்த்தால் உள்ளே கேலிச்சித்திர ஓவியர் ஜெரால்ட் ஸ்கார்ஃப் வரைந்த கோரமான உருவங்கள்: ஆசிரியர், தாய், நீதிபதி. உள்ளுறைகளில் பாடல் வரிகள் கையெழுத்தாக இருக்கின்றன. 1979இல் உள்ளுறையை அச்சிட்ட பிறகும் பாடல்களின் வரிசையை மாற்றினார்கள். ஒரு பாட்டையே எடுத்துவிட்டார்கள். அந்தப் பாட்டின் வரிகள் உறையில் நின்றுவிட்டன, தட்டில் பாட்டு கிடையாது. கடைசி நிமிடம்வரை கைகள் வேலைசெய்த அடையாளம் அது. ஒரு தேர்வுத்தாளில் அடித்து எழுதிய விடையைப் பார்ப்பதுபோல எனக்கு அது பிடித்திருக்கிறது.

கல்லூரிக் காலத்தில் என் அண்ணன் பதிவுசெய்து கொடுத்த கேசட்டில் பல குழுக்களின் பாடல்கள் கலந்து இருந்தன. இந்த ஆல்பத்திலிருந்து அந்த ஒரு பாட்டு மட்டும், 'அனதர் பிரிக் இன் தி வால்' இரண்டாம் பாகம். 25 ஆண்டுகள் அதைத் தனியாகவே கேட்டுவந்தேன். படிப்பு வேண்டாம் என்று பிள்ளைகள் போடும் கூச்சல் என்றே நினைத்தேன். ஆசிரியையான பிறகு அதைக் கேட்கும்போதெல்லாம் உள்ளுக்குள் கொஞ்சம் சுருக்கென்றது. முதல் பக்கத்தைத் தொடக்கத்திலிருந்து கேட்ட இரவில்தான், ஒரு கடிதத்தின் நடுப்பக்கத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இத்தனை காலம் கோபித்திருக்கிறேன் என்று புரிந்தது.

முதல் பக்கம் இப்படிப் போகிறது. மிக மெல்லிய ஒரு மெட்டு, தெருமுனையில் யாரோ வாசிப்பதுபோல. அதைக் கேட்கத் தட்டை நோக்கிக் குனியும் நேரத்தில் முழு வாத்தியங்களும் இடிபோல இறங்குகின்றன. அந்தப் பாட்டின் முடிவில் ஒரு குண்டுவீச்சு விமானம் தலைகீழாகப் பாய்ந்து வருகிறது. ஒலி உச்சத்துக்குப் போய்ச் சட்டென்று அறுந்து, அதே இடத்தில் ஒரு கைக்குழந்தை அழுகிறது. யார் பிறந்தார், யார் போனார் என்று பாட்டு சொல்வதில்லை. இரண்டு ஒலிகளை அடுத்தடுத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எனக்கு அந்த இடத்தில் மூச்சு நின்றது.

இந்தப் பாடல்களில் பெரும்பாலானவற்றை எழுதிய குழு உறுப்பினர் ரோஜர் வாட்டர்ஸ் 1943 செப்டம்பர் 6 அன்று பிறந்தார். அவருடைய தந்தை எரிக் ஃபிளெட்சர் வாட்டர்ஸ் போரை ஏற்காதவர். ஆயுதம் தொட மாட்டேன் என்று மறுத்து, லண்டனில் குண்டு விழுந்த காலத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டினார். பிறகு மனம் மாறினார். பாசிசத்தை எதிர்த்துச் சண்டையிட்டே ஆகவேண்டும் என்று முடிவெடுத்து ராணுவத்தில் சேர்ந்தார். ராயல் ஃபியூசிலியர்ஸ் படைப்பிரிவின் எட்டாம் பட்டாலியனில் இரண்டாம் லெப்டினன்ட். 1944 ஜனவரி 22 அன்று நேச நாட்டுப் படைகள் இத்தாலியில் ஆன்சியோ கடற்கரையில் இறங்கின. அடுத்த மாதம் ஜெர்மானியர்கள் பெரும் எதிர்த்தாக்குதல் நடத்தினார்கள். பிப்ரவரி 18 அன்று எரிக் கொல்லப்பட்டார். மகனுக்கு அப்போது ஐந்து மாதம். எரிக்கின் தந்தையும் 1916இல், முதல் உலகப் போரில் இறந்தவர். இரண்டு தலைமுறையாக அப்பா இல்லாமல் வளர்ந்த பிள்ளைகள்.

போருக்குப் போவதற்கு முன் எரிக் என்ன வேலை பார்த்தார்? அவர் பள்ளி ஆசிரியர். வாட்டர்ஸின் தாய் மேரியும் ஆசிரியைதான். இதைப் படித்த அன்று தட்டை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆசிரியர்களின் உலகத்தையே வெறுத்துப் பாடியவராக நான் நினைத்திருந்தவர் ஓர் ஆசிரியரின் மகன். அவருக்குக் கிடைக்காமல் போனதும் ஓர் ஆசிரியர்தான்.

இதைத் தெரிந்துகொண்டு முதல் பக்கத்தை மறுபடி போட்டேன். 'அனதர் பிரிக் இன் தி வால்' மூன்று பாகங்களாக வருகிறது. மூன்றுக்கும் மெட்டு ஒன்றே. முதல் பாகத்தில் டிரம்ஸ் கிடையாது. கிட்டாரின் ஒரே தந்தி விட்டுவிட்டுத் துடிக்க, அதன் எதிரொலி அதன் மேலேயே வந்து விழுகிறது. அப்பா கடல் கடந்து போய்விட்டார், வீட்டுப் புகைப்பட ஆல்பத்தில் ஒரு படம் மட்டும் இருக்கிறது, வேறு என்ன விட்டுவிட்டுப் போனீர்கள் என்று மகன் கேட்கிறான். கத்தவில்லை, அடங்கிய குரலில் கேட்கிறான். பின்னால் விளையாட்டு மைதானத்தில் பிள்ளைகளின் சத்தம். அதன் மேல் ஒரு ஹெலிகாப்டர் தாழ்ந்து வருகிறது, ஒலிபெருக்கியில் ஓர் ஆசிரியர் யாரோ ஒரு பையனை நிற்கச் சொல்லிக் கத்துகிறார். அடுத்த சிறு பாட்டு அந்த ஆசிரியர்களைப் பற்றியது. அது ஓர் அலறலில் முடிய, அந்த அலறலிலிருந்து இரண்டாம் பாகம் பிறக்கிறது, அப்பாவைக் கேட்ட அதே மெட்டில்.

தனியாகக் கேட்டபோது கூச்சலாகத் தோன்றியது இங்கே வேறு ஒன்றாகிவிடுகிறது. அப்பா எங்கே என்று கேட்ட பையனுக்குப் பதிலாக வந்தவர் ஆசிரியர். அந்த வெற்றிடத்தில் வந்து நின்றவர் பிரம்போடும் ஏளனத்தோடும் வந்தார். பையனுக்கு இரண்டும் ஒரே காயம். அதனால்தான் மெட்டும் ஒன்று. பாட்டு எழுதுபவருடைய கைத்திறன் என்று நான் எதையாவது சுட்டிக்காட்ட வேண்டுமென்றால் இதைத்தான் சுட்டிக்காட்டுவேன். வரிகளில் சொல்லாத உறவை மெட்டில் சொல்லியிருக்கிறார்.

இங்கே என் கதையையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். என் அப்பா நான் நான்கு வயதில் இருக்கும்போது இறந்தார். எங்கள் பள்ளியில் ஒவ்வொரு ஆண்டும் முதல் நாள் வகுப்பாசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் எழுப்புவார். பெயர், அப்பா பெயர், அப்பா என்ன வேலை. ஆறாம் வகுப்பில் என் முறை வந்தபோது "அப்பா இல்லை, சார்" என்றேன். "எங்கே போனார்?" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பதில் சொல்லாததற்காகப் புறங்கையில் மர அளவுகோலால் ஓர் அடி. வலி பெரிதாக இல்லை. ஆனால் அன்று முதல், அப்பா இல்லாதது நான் செய்த ஒரு தவறு என்ற எண்ணம் எனக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. கல்லூரி முடியும்வரை எழுந்து போகவில்லை. வீட்டில் அப்பாவின் புகைப்படம் ஒன்றே ஒன்றுதான். ஸ்டுடியோவில் எடுத்தது, வலது ஓரத்தில் கரையான் அரித்து அவருடைய ஒரு தோள் இல்லை. வாட்டர்ஸ் அந்தப் புகைப்பட வரியைப் பாடும்போது எனக்குத் தெரிவது அந்த அரிபட்ட தோள்தான்.

வாட்டர்ஸ் படித்தது கேம்பிரிட்ஜ்ஷையர் ஆண்கள் உயர்நிலைப் பள்ளியில். 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் 11 வயதில் ஒரு தேர்வு வைத்துப் பிள்ளைகளைப் பிரித்த காலம் அது. தேறியவர்கள் இத்தகைய பள்ளிகளுக்குப் போனார்கள். விளையாட்டு நேரம் தவிர அங்கே கழித்த ஒவ்வொரு நிமிடத்தையும் வெறுத்ததாக அவர் சொல்லியிருக்கிறார். பள்ளித் தோட்டக்காரர் மீது இருந்த கோபத்தில், அவர் ஆசையாக வளர்த்த ஆப்பிள் மரத்தில் ஏணி போட்டு ஏறி, பழங்களைப் பறிக்காமலே சுற்றிலும் தின்று, நடுத்தண்டு மட்டும் கிளையில் தொங்கும்படி விட்டுவந்த கதையையும் சொல்லியிருக்கிறார். பள்ளி மாணவர் படையின் கடற்படைப் பிரிவில் சேர்ந்து, பிறகு வெளியேறினார். 15 வயதில் அணு ஆயுத எதிர்ப்பு இயக்கத்தின் இளைஞர் கிளைக்குத் தலைவராக இருந்தார். ஆயுதத்தை முதலில் மறுத்து பிறகு எடுத்தவர் அப்பா. மகனோ சீருடையை முதலில் போட்டு பிறகு கழற்றினார். பிரிட்டனின் அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளை அடிப்பது 1986ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் நின்றது. அந்தச் சட்டம் வந்ததே இந்த ஆல்பம் வந்து ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு.

அதே பள்ளியில் அவருக்கு இரண்டொரு வகுப்பு இளையவராகப் படித்தவர் சிட் பாரெட், பிங்க் ஃபிளாய்டின் முதல் பாடலாசிரியர். அவருடைய தந்தை 1961 டிசம்பரில், சிட்டின் பதினாறாம் பிறந்தநாளுக்குச் சில வாரங்கள் முன்பு இறந்தார். ஒரே பள்ளி, தந்தையை இழந்த இரண்டு பையன்கள், ஒரே குழு. சிட் 1968இல் மனம் குலைந்து குழுவை விட்டுப் போனார். இந்த ஆல்பத்தின் நாயகன் 'பிங்க்' என்ற பாடகன், பட்ட காயங்களைச் செங்கற்களாக அடுக்கித் தன்னைச் சுற்றி ஒரு சுவர் எழுப்பிக்கொள்பவன். அவன் பாதி வாட்டர்ஸ், பாதி சிட். நான்காம் பக்கத்தைக் கேட்கும்போது சிட்டை மறக்க முடிவதில்லை.

இரண்டாம் பாகத்தில் பாடும் பிள்ளைகளைப் பற்றி ஓர் ஆசிரியையாக நான் சொல்லாமல் போக முடியாது. அவர்கள் லண்டனில் இஸ்லிங்டன் கிரீன் பள்ளியின் மாணவர்கள். குழுவினர் அமெரிக்காவில் இருந்தார்கள். லண்டனில் இருந்த ஒலிப்பதிவாளர் நிக் கிரிஃபித்ஸ், ஸ்டுடியோவுக்குப் பக்கத்துப் பள்ளிக்குப் போய்க் கேட்டார். அங்கே இசை ஆசிரியராக இருந்த ஆலன் ரென்ஷா பிள்ளைகளைத் திரட்டி நடத்தி அழைத்துப் போனார். 23 பிள்ளைகள். அவர்களுடைய குரலையே மேலே மேலே பதிந்து ஒரு பெரிய கூட்டமாக்கினார்கள். தலைமை ஆசிரியை கோபப்பட்டு, பிள்ளைகள் தொலைக்காட்சியில் தோன்றக் கூடாது என்று தடுத்துவிட்டார். ஆசிரியர்களை எதிர்க்கும் பாட்டைப் பாட ஓர் ஆசிரியர் தன் பிள்ளைகளைக் கையைப் பிடித்து அழைத்துப் போயிருக்கிறார். அந்தக் குரல்களைக் கவனித்துக் கேளுங்கள். சுருதி சுத்தமாக இல்லை. சில குரல்கள் முந்துகின்றன, ஒன்றிரண்டு சொல்லைக் கடித்து விழுங்குகின்றன. பயிற்சி பெற்ற பாடகர் குழு எதுவும் இதைச் செய்திருக்க முடியாது. இடைவேளை மணி அடித்ததும் என் வகுப்பு எழுப்பும் சத்தம் அப்படியே இதுதான்.

1980இல் தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மாணவர்கள் தங்களுக்குத் தரப்பட்ட தாழ்ந்த கல்வியை எதிர்த்து வகுப்புகளைப் புறக்கணித்தபோது இந்தப் பாட்டைப் பாடினார்கள். நிறவெறி அரசு பாட்டைத் தடை செய்தது. படிப்பு வேண்டாம் என்று சொல்லவா அந்தப் பிள்ளைகள் அதைப் பாடினார்கள்? நல்ல படிப்பு வேண்டும் என்று கேட்டுப் பாடினார்கள். வாட்டர்ஸும் வெளியான காலத்திலேயே ஒரு பேட்டியில், தன் ஆசிரியர்களில் சிலர் நல்லவர்கள், இது எல்லா ஆசிரியர்களையும் சேர்த்துக் கண்டிக்கும் பாட்டு இல்லை என்று தெளிவாகச் சொன்னார்.

முதல் பக்கத்தை முடிப்பது 'மதர்'. அப்பாவும் ஆசிரியரும் போனபிறகு மிச்சமிருப்பவர் அம்மா. கேள்விகளை மகனாக வாட்டர்ஸ் கேட்க, பதில்களை அம்மாவாகக் குழுவின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோர் பாடுகிறார். தாலாட்டு போலத்தான் தொடங்குகிறது. மேசையில் விரலால் தாளம் போட்டுப் பாருங்கள், தவறும். நான்கு நான்காக எண்ணிக்கொண்டிருக்கும்போது ஓர் ஐந்து வந்து விழும். குழுவின் டிரம்மர் நிக் மேசனுக்கே பிடிபடாமல் வெளியிலிருந்து ஜெஃப் போர்காரோ என்ற டிரம்மரை அழைத்து வாசிக்கவைத்தார்கள். கணக்கு ஆசிரியைக்கு இது விருந்து. காக்கிற கை இறுக்கவும் செய்யும் என்பதை அந்தத் தடுமாறும் எண்ணிக்கையில் உணர்த்துகிறார்கள். கணவனை இழந்த பெண் மகனைப் பொத்திப் பொத்தி வளர்ப்பதில் என்ன குற்றம் என்று எனக்கு ஆதங்கம் உண்டு. என் அம்மாவும் அப்படித்தான் வளர்த்தார். பாட்டின் கடைசியில் மகன் கேட்கும் கேள்வியில் கோபத்தைவிடக் களைப்பு அதிகம். அதனால் மன்னித்துவிடுகிறேன்.

இரண்டாம் பக்கம் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. தொடக்கத்தில் வரும் 'குட்பை புளூ ஸ்கை' மட்டும் மனதைவிட்டுப் போகாது. வானத்தில் விமானம் என்று ஒரு சிறு குழந்தை அம்மாவுக்குக் காட்டுகிறது. அந்தக் குரல் வாட்டர்ஸின் மகனுடையது. குழந்தைக்கு வேடிக்கையாகத் தெரியும் விமானம் அதன் தாத்தாவின் தலைமுறைக்கு என்னவாக இருந்தது என்பதைக் கிட்டார் சொல்கிறது. அதன் பிறகு மணமுறிவு, சந்தேகம், ஹோட்டல் அறை, உடையும் தொலைக்காட்சிப் பெட்டி. இந்தப் பக்கத்தில் மனைவிக்குச் சொந்தக் குரலே இல்லை. அவள் அழிப்பவளாகவே வருகிறாள். முதல் பக்கத்தின் ஆசிரியர்களும் வீட்டில் மனைவியிடம் அடிவாங்குபவர்கள் என்றுதான் காட்டப்படுகிறார்கள். ஆணின் கொடுமைக்கெல்லாம் காரணம் தேடிப்போனால் வாசலில் ஒரு பெண் நிற்பதாக எழுதியிருப்பது இந்த ஆல்பத்தின் பெரிய குறை. அழகான இசை அதை மறைக்க விடக் கூடாது. மெட்டின் மூன்றாம் பாகம் இந்தப் பக்கத்தில்தான் வருகிறது. முதலில் துடித்த அதே தந்தி இப்போது சுத்தியலாகிவிட்டது. எனக்கு எதுவும் வேண்டாம், யாரும் வேண்டாம் என்கிறான். சுவர் மூடிக்கொள்கிறது.

மூன்றாம் பக்கத்துக்காக மட்டும்கூட இந்த இசைத்தட்டை வாங்கலாம். மூடிய சுவருக்குள் இருப்பவன் போரிடம் திரும்பிப் போகிறான். வேரா லின் என்ற பாடகியை யாருக்காவது நினைவிருக்கிறதா என்று கேட்கிறது ஒரு சின்னஞ்சிறு பாட்டு. மறுபடி சந்திப்போம் என்று போர்க்காலத்தில் படைவீரர்களுக்குப் பாடி நம்பிக்கை கொடுத்தவர் அவர். அந்த வாக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறான், சந்திக்க வராத ஒருவரின் மகன். ஒன்றரை நிமிடம்தான். அடுத்ததாக ராணுவ டிரம்களும் பெரும் பாடகர் கூட்டமுமாகப் பையன்களை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லும் பாட்டு. பாடகர் கூட்டம் ஓய்ந்ததும், பாதி மயக்கத்தில் 'கம்ஃபர்ட்டபிளி நம்'. 1977இல் வயிற்றுவலியோடு இருந்த வாட்டர்ஸுக்கு ஊசி போட்டு மேடையேற்றிய அனுபவத்திலிருந்து வந்த பாட்டு என்று சொல்வார்கள். ஆனால் நடுவே குழந்தைப் பருவக் காய்ச்சல் ஒன்று எட்டிப் பார்க்கிறது. கைகள் பலூன்போல வீங்கியதாகத் தோன்றிய காய்ச்சல். கடைக்கண்ணில் எதையோ கண்டு, திரும்பிப் பார்ப்பதற்குள் அது மறைந்துவிட்டது என்று கில்மோர் பாடும்போது எழும் குரலுக்கும், அதன்பின் வரும் அவருடைய நீண்ட கிட்டார் வாசிப்புக்கும் நான் விளக்கம் எழுத மாட்டேன். விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

நான்காம் பக்கத்தில் பிங்க் தானே ஒரு சர்வாதிகாரியாகிவிடுகிறான். தந்தையைக் கொன்ற பாசிசத்தின் உடையை மகனே அணிகிறான். எழுதியவரின் துணிச்சல் இங்கே உச்சத்தில் இருக்கிறது. 1977 ஜூலை 6 அன்று மான்ட்ரியல் ஒலிம்பிக் மைதானத்தில் கூட்டத்தின் கூச்சலில் ஆத்திரப்பட்டு ஒரு ரசிகர்மீது வாட்டர்ஸ் துப்பினார். தனக்கும் கூட்டத்துக்கும் நடுவே ஒரு சுவர் எழுப்ப வேண்டும் என்ற எண்ணம் அதிலிருந்துதான் வளர்ந்தது. தன்னைக் கொடுமைக்குள்ளானவனாக மட்டும் காட்டிக்கொண்டு அவர் நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. ஆனால் அதன்பின் வரும் விசாரணைக் காட்சி எனக்கு மிகை நாடகம். எல்லோரும் குரலை மாற்றி மாற்றிக் கத்துகிறார்கள். ஆசிரியர் சாட்சி சொல்ல வருகிறார், அதே ஏளனத்தோடு போகிறார்.

அந்த ஆசிரியர்தான் என்னை விடவில்லை. இந்த ஆல்பத்துக்காக வாட்டர்ஸ் எழுதி ஒதுக்கிவைத்த பாட்டு ஒன்று உண்டு. அது வேறு வரிகளோடு 1983இல் 'தி ஃபைனல் கட்' ஆல்பத்தில் 'தி ஹீரோஸ் ரிட்டர்ன்' என்று வந்தது. அந்த ஆல்பமே எரிக் ஃபிளெட்சர் வாட்டர்ஸுக்குச் சமர்ப்பணம். அதில் அந்த ஆசிரியருக்கு ஒரு வாழ்க்கை கிடைத்துவிடுகிறது. அவர் போரில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தின் மீது குண்டு வீசிய விமானத்தில் பறந்தவர். உடன் பறந்த துப்பாக்கி வீரனை இழந்தவர். மனைவி தூங்கிய பிறகுதான் அவரால் மனதுக்குள் பேச முடிகிறது. அப்பாவைக் கொன்ற போர்தான் வகுப்பறைக்கு இந்த மனிதரை அனுப்பியது. 1979இல் ஹெலிகாப்டரிலிருந்து கத்தும் குரலாக மட்டும் இருந்தவருக்கு நான்கு ஆண்டுகள் கழித்து அவரை வெறுத்தவரே இடம் கொடுத்திருக்கிறார். என் புறங்கையில் அடித்த ஆசிரியரை நான் அப்படி ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அவருக்கு வீட்டில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அடித்ததை மறக்கவும் இல்லை. ஆனால் என் வகுப்பில் முதல் நாள் யாரையும் எழுப்பி அப்பா என்ன வேலை என்று நான் கேட்பதில்லை. விண்ணப்பப் படிவத்தைப் பார்த்துப் பதிவேட்டில் நானே எழுதிக்கொள்கிறேன்.

வாங்க நினைப்பவர்களுக்கு: இதைத் தனிப் பாடல்களாகப் பிரித்துக் கேட்காதீர்கள். ஒரு பக்கம் ஏறத்தாழ 20 நிமிடம், ஒரே மூச்சில் கேளுங்கள். பிறகு எழுந்து தட்டைத் திருப்பும்போது கிடைக்கும் இடைவெளியும் இந்த ஆல்பத்துக்குத் தேவைப்படுகிறது. ராக் இசை பழக்கமில்லாதவர்கள் முதல் பக்கத்தையும் மூன்றாம் பக்கத்தையும் முதலில் கேட்கலாம். உள்ளுறையைக் கையில் வைத்துக்கொண்டு வரிகளைப் படித்தபடி ஒரு முறையாவது கேட்க வேண்டும். சமீபத்தில் அப்பாவை இழந்தவர்கள் தனியாக இருக்கும் இரவில் இதைத் தொடங்க வேண்டாம் என்பேன்; பக்கத்தில் யாராவது இருக்கட்டும்.

நேற்று இரவு நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மகன் தானாகவே வந்து முதல் பக்கத்தைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். ஹெலிகாப்டர் வந்தது, அந்தக் குரல் கத்தியது, பிள்ளைகள் பாடினார்கள். 'மதர்' முடிந்து ஊசி தானே எழும்வரை அசையவில்லை. பிறகு, "அந்த வாத்தியார் ஏன் அம்மா அப்படிக் கத்துகிறார்?" என்றான். பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்துபோய், அலமாரியிலிருந்து 'தி ஃபைனல் கட்'டை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். "முதல் பக்கம், மூன்றாவது பாட்டிலிருந்து கேள்" என்றேன்.